பாகிஸ்தானைக் காட்டி வாயை அடைக்காதீர்கள்

நம் நாட்டில் பத்திரிகைச் சுதந்திரம் எப்படி இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச எழுந்தேன்; நடந்ததை முழுதாக மறுபடி விவரிக்கப் போவதில்லை, வந்திருந்தவர்களுக்குத் தெரியும். ‘பாகிஸ்தானில் இருந்துகொண்டு இப்படிப் பேசிவிட முடியுமா?’ என்று கூட்டத்தில் ஐயா ஒருவர் கேட்டதும் எழுந்த கைத்தட்டல்தான் இரண்டு நாட்களாகக் காதைவிட்டுப் போகவில்லை. முடியாதுதான். ஆப்பிரிக்க நாடான எரித்திரியாவிலும் முடியாது, அங்கே 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகளை ஒரேயடியாக மூடினார்கள், அப்போது பிடித்துச் செல்லப்பட்ட பத்திரிகையாளர் தாவித் இசாக் மீது இன்றுவரை விசாரணையே நடக்கவில்லை. அதற்காக, எரித்திரியாவைவிட நாம் மேல் என்று பொங்கல் வைத்துக் கொண்டாட வேண்டுமா?

எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2025ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில், 180 நாடுகளுள் இந்தியா 151, பாகிஸ்தான் 158. ஏழு இடம் முந்தியிருக்கிறோம், மகிழ்ச்சி. அதே பட்டியலில் நேபாளம் 90, இலங்கை 139 என்பது மட்டும் ஐயாவின் கண்ணில் படவில்லை. ஒப்பிடுவதென்றால் மேலேயும் பார்க்க வேண்டும். கீழே மட்டும் பார்ப்பதற்குப் பெயர் ஒப்பீடு அல்ல, வாயை அடைப்பது.

‘பட்டியலே வெள்ளைக்காரன் தயாரித்தது’ என்பீர்கள். 2023இல் தாலிபான் ஆளும் ஆப்கானிஸ்தானை 152லும் நம்மை 161லும் வைத்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சரி, பட்டியலைத் தூக்கி எறியுங்கள், சட்டத்தைப் பாருங்கள். அவதூறைக் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கை 2002இலேயே நீக்கிவிட்டது. இங்கே அது செல்லும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 499, 500 பிரிவுகள் போய், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவாக அது சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. ‘அந்த இலங்கையில்தானே பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவை 2009இல் கொன்றார்கள்?’ ஆம், 2006இல் யாழ்ப்பாணத்தில் உதயன் நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைச் சுட்டதையும் நான் மறக்கவில்லை. சட்டத்தை நீக்கினால் மட்டும் உயிர் தப்பாது. நீக்காத நம் நாட்டில் மட்டும் தப்பியதா? சத்தீஸ்கரில் சாலை ஊழலை வெளிக்கொண்டுவந்த செய்தியாளர் முகேஷ் சந்திரகரின் உடலை 2025 ஜனவரியில் செப்டிக் டேங்கிலிருந்துதான் எடுத்தார்கள்.

எனக்கு மிரட்டல் எதுவும் வந்ததில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளிதழுக்குப் பதினோரு ஆண்டுகள் தாலுகா நிருபராக இருந்தேன். மாதச் சம்பளம் கிடையாது. அடையாள அட்டை உண்டு, பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்று உண்டு, விளம்பரம் பிடித்துத் தந்தால் கமிஷன் உண்டு. எங்கள் ஊர் ஏரியில் அனுமதிக்கு மேல் மண் அள்ளுவதைப் பற்றி, லாரி எண் தெரியும் படத்தோடு ஒரு செய்தி அனுப்பினேன். வரவில்லை. தொலைபேசியில் கேட்டேன். ‘அவதூறு வழக்குப் போட்டால் நீங்கள்தான் தம்பி வாய்தாவுக்கு வாய்தா அலைய வேண்டும், பரவாயில்லையா?’ என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் எங்கள் வட்டாரப் பக்கத்தில் மண் அள்ளியவருடைய பிறந்தநாள் வாழ்த்து கால் பக்கத்துக்கு, வண்ணத்தில் வந்தது. அந்த விளம்பரத்தை முந்தைய வாரம் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான். இதைக் கூட்டத்தில் சொல்லத்தான் எழுந்தேன். கைத்தட்டலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

விளம்பரத்துக்கான கமிஷன் அறுநூறு ரூபாய் அந்த மாதமே வந்துவிட்டது. செய்திக்கான காசு வரவில்லை, பிரசுரமானால்தானே வரும். பாகிஸ்தானில் இதற்கு என்ன ரேட் என்பதை ஐயாதான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.