மூடிய கணக்கில் என் பிறந்த தேதிக்கு என்ன வேலை?

சென்ற மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் கணக்கை மூடிவிட்டு வெளியேறிய ஓர் இணையச் சேவை நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. தங்கள் வாடிக்கையாளர்களின் பாதுகாப்பே தங்களுக்கு முதன்மையானது என்று தொடங்கியவர்கள், மூன்றாவது பத்தியின் நடுவில்தான் விஷயத்துக்கு வந்தார்கள்: வெளியாட்கள் சிலர் தரவுத்தளத்துக்குள் நுழைந்துவிட்டார்கள், அதில் என் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண், பழைய முகவரி ஆகியவை இருந்திருக்கக்கூடும், ஆகவே உடனடியாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். மூடிய கணக்குக்கு எந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது என்று அதில் இல்லை.

உள்ளே நுழைந்தவர் யார் என்பதைவிட, எட்டு ஆண்டுகளாக என் பிறந்த தேதி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. தரவுக் கசிவு என்றதும் ஹேக்கர்களின் சாமர்த்தியத்தையும் பயனர்களின் கவனக்குறைவையும் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். தேவைக்கு மேல் கேட்டு வாங்கி, தேவை முடிந்த பின்னும் அழிக்காமல் குவித்து வைத்திருப்பவர்களைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. என் கணிப்பில் குற்றத்தின் பெரும்பங்கு அவர்களுடையது.

கடவுச்சொல் பற்றிய அறிவுரைகள் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடவுச்சொல்லைக் காப்பதிலும் பாதி வேலை நிறுவனத்தைச் சேர்ந்தது. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து வெளியேறிய கடவுச்சொற்கள் ஹேஷ் வடிவில், அதாவது மூலச்சொல்லை எளிதில் மீட்க முடியாதபடி கணக்கிட்டு உருமாற்றிய எழுத்துத்தொடராக, இருந்தன என்றாலும், ஒவ்வொன்றுடனும் சேர்த்திருக்க வேண்டிய, 'சால்ட்' எனப்படும் தனித்தனி எழுத்துத்தொடர் சேர்க்கப்படவில்லை. அது இல்லாதபோது ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் ஆயிரம் பேருக்கும் ஒரே ஹேஷ்தான் கிடைக்கும். ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடையும். முதலில் 65 லட்சம் என்று தெரிந்த எண்ணிக்கை, 2016இல் 11 கோடியே 70 லட்சம் என்று ஆனது. யாஹூ கதையும் இப்படித்தான்: 2013இல் நடந்த ஊடுருவலில் 100 கோடிக் கணக்குகள் சிக்கின என்று 2016 இறுதியில் அறிவித்தார்கள், மறு ஆண்டு அதை 300 கோடி என்று திருத்தினார்கள், அதாவது அப்போதிருந்த அத்தனை கணக்குகளும்.

போகட்டும், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவற்றை என்ன செய்வது? பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளவியல் சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகள் திருடப்பட்ட செய்தி 2020 அக்டோபரில் வெளியே வந்தது. சிகிச்சையாளரின் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, வேறு எவரிடமும் சொல்லாததைச் சொன்ன ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகள் அவை. குறியாக்கம்கூடச் செய்யப்படாமல் இருந்தவை. நிறுவனத்திடம் கேட்ட பணம் கிடைக்காதபோது, மிரட்டியவன் நோயாளிகளுக்கே நேரடியாக எழுதினான்: 24 மணி நேரத்துக்குள் 200 யூரோவைப் பிட்காயினாகக் கட்டாவிட்டால் தொகை 500 ஆகும், அதன் பிறகு எல்லாம் இணையத்தில் ஏறும் என்று. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்த ஒருவரிடம் போய், வலுவான கடவுச்சொல் வையுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவருக்கு அங்கே கடவுச்சொல்லே தேவைப்பட்டிருக்கவில்லை. அவர் செய்ததெல்லாம் மனம்விட்டுப் பேசியதுதான். நிறுவனம் 2021இல் திவாலாகிவிட்டது; குறிப்புகளின் பிரதிகள் எங்கெங்கு இருக்கின்றன என்பதை இனி எவராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

சம்மதம் என்ற சொல்லையும் இங்கே சற்று உரசிப் பார்க்க வேண்டும். கட்டங்களில் டிக் செய்துதானே தகவலைக் கொடுத்தீர்கள் என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸில் 2017இல் ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. அது கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் நிறுவனம். அந்த மக்களில் பெரும்பாலோர் அதனிடம் நேரில் எதையும் கொடுத்தவர்கள் அல்லர், அவர்களைப் பற்றி வங்கிகள் கொடுத்ததுதான் அங்கே சேர்ந்தது. திருடர்களுக்கு வழிவிட்ட மென்பொருள் ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. மே மாதம் அவர்கள் நுழைந்தபோதும் அது நிறுவப்படவில்லை.

மரபணுச் சோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களை வைத்துத் திறக்கப்பட்ட கணக்குகள் சுமார் 14,000தான். ஆனால் உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக, விவரங்களை இழந்தவர்கள் 69 லட்சம் பேர். முன்பின் அறியாத தூரத்து உறவு ஒன்று பழைய கடவுச்சொல்லையே மறுபடி பயன்படுத்தியதற்கு, பங்காளி முறையில் நாம் தண்டனை அனுபவிக்க வேண்டியிருக்கிறது. (நிறுவனமோ பயனர்கள் மீதுதான் பழியைப் போட்டது.) 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியபோது, விற்பனைக்கு வந்த சொத்துகளில் வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவலும் ஒன்றாக இருந்தது.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பற்றிப் பேசுகிறவர்கள், கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியையும், பெரும் அபராதத் தொகைகளையும்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே பெற வேண்டும், தேவையான காலம் மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்கிறது. பிந்தைய விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் எனக்கு அந்த மின்னஞ்சலே வந்திருக்காது. ஆனால் சேமிப்பகம் மலிவு. அழிப்பதற்கோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். பின்னாளில் எதற்காவது உதவும் என்று எல்லாமே கிடக்கிறது.

அந்த நிறுவனத்துக்கு, என் தகவல்களை முழுவதுமாக நீக்கும்படி எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது: கோரிக்கை விடுப்பவர் நான்தான் என்பதை உறுதிசெய்ய, அரசு வழங்கிய அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, முகம் தெளிவாகத் தெரியும் ஒரு செல்ஃபியுடன் அனுப்ப வேண்டுமாம். இதுவரை அவர்களிடம் இல்லாதவை அவை இரண்டும்தான். அந்தப் படங்களை எங்கே, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்றோடு பத்தொன்பது நாட்கள் ஆகின்றன.