முதலிடத்தில் 1991

(கொடைக்கானல், குணா குகைப் பக்கம் வண்டிகள் நிற்கும் இடம். 2024 டிசம்பர், மாலை நான்கு மணி. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. வந்த பார்ட்டி குகையைப் பார்க்கப் போயிருக்கிறது. ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி டாக்சி ஓட்டும் மாமா. பக்கத்து சீட்டில் அவருடைய அக்கா மகன். கோயம்புத்தூரில் படிக்கிறான், லீவுக்கு வந்திருக்கிறான். மடியில் நோட்டு. டிசம்பர் வந்தால் சிலருக்குச் சளி பிடிக்கும், இவனுக்குப் பட்டியல்.)

மாப்பிள்ளை: மாமா, இந்த வருடத்தின் சிறந்த பத்து ஆல்பம் எழுதுகிறேன். உங்கள் ஓட்டு எதற்கு?

மாமா: குணா.

மாப்பிள்ளை: அது 1991 படம்.

மாமா: நீ என்னைக் கேட்டாயா, காலண்டரைக் கேட்டாயா?

மாப்பிள்ளை: இந்த வருடம் வெளிவந்ததாக இருக்கணும் மாமா. அதுதான் விதி.

மாமா: பிப்ரவரியில் இந்தக் குகையை வைத்து, குணா பாட்டையும் போட்டு எடுத்த மலையாளப் படம் மஞ்சும்மல் பாய்ஸ் வந்ததிலிருந்து என் விதியே வேறு. தினம் மூன்று டிரிப். போகும்போது ஒரு தடவை ‘கண்மணி அன்போடு’. வரும்போது ஒரு தடவை. கம்பி வேலி ஓரம் நின்று வீடியோ எடுக்கும்போது ஒரு தடவை, தலைமுடி சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை. கணக்குப் போடு.

மாப்பிள்ளை: பன்னிரண்டு.

மாமா: ஒரு நாளைக்கு! என் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரே அவ்வளவு வாசிக்கவில்லை.

மாப்பிள்ளை: நீங்கள் சொல்வது ஒரு பாட்டு. நான் கேட்பது ஆல்பம். மஞ்சும்மல் பாய்ஸுக்கே சுஷின் ஷ்யாம் தனியாக இசையமைத்திருக்கிறார். வேடன் பாடின ‘குதந்திரம்’ கேட்டீர்களா? என் பட்டியலில் மூன்றாவது அதுதான்.

மாமா: இத்தனை பார்ட்டி வந்தது, ஒருத்தர்கூட அதைப் போடவில்லையே. பாவம், பந்தல் போட்டது அந்தத் தம்பி. மொய் மட்டும் பழைய மாப்பிள்ளைக்குப் போகிறது.

மாப்பிள்ளை: சரி, ராயன். ரகுமான் இசை. அதில் ‘வாட்டர் பாக்கெட்’ என்று...

மாமா: மெதுவாகச் சொல். வெள்ளி அருவி செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே நிறுத்துகிறார்கள். இவன் பாக்கெட்டை வேறு இழுக்கிறான்.

மாப்பிள்ளை: மெய்யழகன். கோவிந்த் வசந்தா. இதில் மட்டும் விளையாடாதீர்கள், இதுதான் என் முதலிடம். ‘யாரோ இவன் யாரோ’ கேட்டால் யாரையோ பிரிந்த மாதிரி ஆகிவிடுகிறது.

மாமா: நீ இன்னும் யாரையும் சேரவே இல்லையே, அதற்குள் பிரிவா? யார் பாடினது?

மாப்பிள்ளை: கமல்.

மாமா: குணாவில்?

மாப்பிள்ளை: ...கமல். கூட ஜானகி.

மாமா: சரி, அடுத்தது சொல்.

மாப்பிள்ளை: லப்பர் பந்து. ஷான் ரோல்டன்.

மாமா: அடடா, அது எனக்கே தெரியும்! அந்த விஜயகாந்த் பாட்டுக்குத் தியேட்டரில் என்ன விசில்!

மாப்பிள்ளை: அது ஷான் ரோல்டன் கணக்கில் வராது மாமா. பொன்மனச்செல்வன் பாட்டு, 1989. இளையராஜா.

மாமா: பார்த்தாயா? 2024 என்று போர்டு மாட்டின எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே ராஜா சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாப்பிள்ளை: (நோட்டை மூடுகிறான்) ஆல்பம் என்றால் என்னவென்றே உங்களுக்குத் தெரியவில்லை.

மாமா: யாரிடம் சொல்கிறாய்? ஆல்பத்தைப் பென்சில் விட்டுச் சுற்றினவன்டா நான். கேசட்டில் ஏ பக்கம், பி பக்கம். பிடித்த பாட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் ரீவைண்ட் பண்ணணும். பண்ணினால் பேட்டரி போகும், நாடா சிக்கினால் கேசட்டே போகும். அதனால் பிடிக்காத பாட்டையும் பேசாமல் கேட்போம். பத்து தடவை கேட்டபிறகு அது மெல்லப் பிடித்துவிடும். உன் அத்தைக்கு என்னைப் பிடித்தது அப்படித்தான்.

மாப்பிள்ளை: இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை. முதல் பாட்டை ஒரு மாதம் முன்னால் விடுவார்கள், அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. படம் வருவதற்குள் எல்லாம் கேட்டு முடித்திருப்போம்.

மாமா: திங்கள்கிழமை ரசம், புதன்கிழமை பொரியல், வெள்ளிக்கிழமை சோறு. இதற்குப் பெயர் விருந்தா?

மாப்பிள்ளை: சரி, கேசட் மன்னரே, குணா கேசட்டில் பி பக்கம் என்ன பாட்டு?

(மாமா துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்கிறார்.)

மாப்பிள்ளை: மாமா?

மாமா: வாங்கவில்லை.

மாப்பிள்ளை: என்னது!

மாமா: 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் இரண்டு படம். தளபதி, குணா. இரண்டுக்கும் ராஜாதான் இசை. வத்தலக்குண்டில் கேசட் கடை. என் கையில் ஒரு கேசட்டுக்குத்தான் காசு. தளபதியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மாப்பிள்ளை: நம் ஊரில் எடுத்த படம். அதை விட்டுவிட்டா?

மாமா: குகை இங்கேதானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தேன். ஓடவில்லை. 33 வருடம் பொறுத்திருந்து, இப்போது என் வண்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து தினம் பன்னிரண்டு தவணையாக வட்டி வசூல் பண்ணுகிறது.

மாப்பிள்ளை: அப்படியென்றால் முழு ஆல்பத்தையும் நீங்கள் கேட்டதே இல்லை.

மாமா: கேட்டேன். மே மாதம், மலைக்கு வர இ-பாஸ் வேண்டும் என்று விதி வந்த புதிதில், ஒரு நாள் வண்டி சும்மா நின்றது. தினம் இந்தப் பாடு படுத்துகிறதே, மிச்சத்தில் என்னதான் இருக்கிறது என்று முதலிலிருந்து போட்டேன். யேசுதாஸ் ‘பார்த்த விழி’ என்று எடுத்தார் பார். சின்னப் பாட்டுதான். பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் திட்டினது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பாட்டும் இருக்கிறது.

மாப்பிள்ளை: (கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு) இருந்தாலும் விதி விதிதான்.

மாமா: நான் அந்த ஆல்பத்தை முழுதாகக் கேட்டது எந்த வருடம்?

மாப்பிள்ளை: 2024.

மாமா: எழுது.

(பார்ட்டி திரும்பி வந்து ஏறுகிறது. பின்சீட்டில் ஒருவர் புளூடூத் கேட்கிறார். மாமா பழக்கதோஷத்தில் கண்ணை மூடித் தயாராகிறார். ஸ்பீக்கரில் ‘ஹே மின்னலே’.)

மாப்பிள்ளை: மாமா, அமரன்! ஜி.வி.பிரகாஷ்! என் பட்டியலில் இரண்டாவது!

மாமா: (வண்டியை எடுத்தபடி, தாழ்ந்த குரலில்) குணா குகை வரைக்கும் வந்துவிட்டு அமரன் போடுகிறார்கள். இவர்கள் எல்லாம் எந்த ஊர்க்காரர்கள்?

மாப்பிள்ளை: குணா பாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்றுதானே இவ்வளவு நேரம் புலம்பினீர்கள்?

மாமா: புலம்பினேன். போடாதே என்று சொன்னேனா?

(பைன் காட்டு ஓரம் சிக்னல் போய்விடுகிறது. பாட்டு பாதியில் நிற்கிறது. பின்சீட்டில் எல்லோரும் தூக்கம்.)

மாப்பிள்ளை: மாமா, யார் பாடுகிறது?

மாமா: யாரும் பாடவில்லை. பைன் காட்டுக் காற்று.

மாப்பிள்ளை: காற்று ஜானகி பாடுகிற இடத்தையும் சேர்த்துப் பாடுகிறதே.