பொத்தான் பேட்டரிக்கு ஃபார்மேட்டா?

பழைய கம்ப்யூட்டரை ஆன் பண்ணா ஒரு வெப்சைட்டும் திறக்காது. 'பாதுகாப்பான இணைப்பு இல்லை'ன்னு பிரவுசர் மிரட்டும். உடனே ஒரு தீர்ப்பு வந்துடும்: "வைரஸ்தான், ஃபார்மேட் போட்டுடலாம்."

ஏங்க, முதல்ல கீழ் வலது மூலையில தேதியைப் பாருங்க! 2015 ஜனவரின்னு காட்டுதா? மதர்போர்டுல (உள்ளே இருக்கிற முக்கிய சர்க்யூட் பலகை) இருக்கிற சிஆர்2032ங்கிற பொத்தான் பேட்டரி செத்துப்போச்சு, அவ்வளவுதான். கரண்ட் இல்லாதப்பவும் கடிகாரத்தை ஓட வைக்கிறது அதுதான். தேதி பின்னால போனா, வெப்சைட் நிஜமானதுதான்னு பிரவுசருக்குக் காட்டுற இப்போதைய சான்றிதழெல்லாம் 'இன்னும் செல்லுபடியாகல'ன்னு ஆயிடும்.

பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றி, ஓரத்து கிளிப்பை மெல்ல நெம்பினா பேட்டரி துள்ளி வரும். புதுசு 3 வோல்ட், மீட்டர்ல 2.8க்குக் கீழே காட்டினா மாத்திடணும். பிளஸ் போட்ட பக்கம் மேலே. திறந்ததுதான் திறந்தீங்க, ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு தூசியையும் தட்டிடுங்க.

அப்புறம் பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரையில, தேதியைச் சரி பண்ணி, சாட்டா மோடையும் (ஹார்ட் டிஸ்க்கோட பேசுற முறை) பாக்கணும்; பேட்டரி செத்தா அந்த செட்டிங்கும் மாறிப்போகலாம். ஏஹெச்சிஐல இருந்தது ஐடிஇக்கு மாறியிருந்தா விண்டோஸ் நீலத்திரையோட நின்னுடும். அதுக்கும் ஃபார்மேட்டாம்! வீட்டுப் போட்டோவெல்லாம் போனப்புறமும் கடிகாரம் என்னவோ 2015லயேதான் நிக்கும்.