முக அடையாள வருகைப் பதிவுக்கு யார் ஒப்புதல் தந்தது?
பள்ளிகளில் முகத்தை ஸ்கேன் செய்து வருகை எடுத்தால் ஆசிரியருக்கு நேரம் மிச்சம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்வீடனில் ஷெலெஃப்டியோ நகரத்துப் பள்ளி ஒன்றில் இதே காரணத்தைச் சொல்லித்தான் 22 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனா (ஸ்வீடன் நாணயம்) அபராதம் விதித்தது. பெற்றோர் சம்மதித்தார்களே என்ற வாதம் எடுபடவில்லை. பள்ளியின் அதிகாரத்துக்குக் கீழே இருக்கும் மாணவர் தரும் சம்மதம் சுதந்திரமானது அல்ல, வருகை எடுக்க வேறு எளிய வழிகளும் உண்டு என்று ஆணையம் சொன்னது.

ஆணையம் சொன்ன இந்த வாதம் நம் ஊருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். அட்மிஷன் கிடைத்தால் போதும் என்று நிற்கும் அப்பா, நீட்டிய படிவத்தில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அதை எப்படிச் சம்மதம் என்பது?

நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் கண்காணிப்பதற்கும் தடை போடுகிறது. சரி, நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2025 விதிகள் கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் என்றால் பள்ளிகளுக்கு விலக்கு தருகின்றன. எந்தக் கேமராவையும் பாதுகாப்பு என்ற பெயரில் மாட்டிவிடலாமே! எனக்குப் பெரிய கவலை அதுதான். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றலாம், பிள்ளையின் முகத்தை மாற்ற முடியுமா?

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் இதைக் கேளுங்கள்: படங்கள் யாருடைய சர்வரில் இருக்கின்றன, பிள்ளை பள்ளியை விட்டுப் போனதும் அழிப்பார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.