ஒன்று பழகுவதற்குள் மூடிவிடுகிறார்கள்

மறுபடியும் அந்த மெயில் வந்துவிட்டது, செயலியை மூடுகிறோம் என்று. "இத்தனை நாள் எங்களோடு பயணித்ததற்கு நன்றி." மேலே கைகூப்புகிற பொம்மை வேறு. திருப்பூரில் என்னை மாதிரி, ஆர்டரின் பின்னால் ஓடுகிற மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பயணமாம்! ஆர்டர் கொடுக்கிற பையர் இந்தச் செயலியில்தான் பேசுவேன் என்றான், முதலாளி தலையாட்டினார், நாங்கள் போய் விழுந்தோம்.

சாயப்பட்டறை மாஸ்டர் போன் போட்டார். "ஏனுங்க, அந்த நேவி லாட்டுக்கு எந்த லேப் டிப்புங்க ஓகே ஆச்சு? ஏ-வா, பி-யா? துணிய ஏத்தணுமுங்க." (லேப் டிப் என்றால் நிறம் சரியா என்று பார்க்கச் சாயம் ஏற்றிய மாதிரித் துண்டு. நேவி என்றால் கருநீலம்.) ஒரு நிமிஷம் அண்ணா என்று செயலியைத் திறந்தால், 'உங்கள் தரவைப் பதிவிறக்குங்கள்' என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினேன். தயாரானதும் மெயில் வருமாம். "ஆச்சுங்களா?" வந்தது. மெயிலில் ஒரு ஜிப். ஜிப்புக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொரு ஃபோல்டர், கடைசியில் ஒரு ஜேசன் கோப்பு. திறந்தால் அடைப்புக்குறியும் கமாவுமாகக் கொட்டுகிறது. நடுவில் பையர் சொன்ன 'இது ஓகே' பத்திரமாக இருக்கிறது. எது ஓகே? அந்தப் படம் வேறொரு ஃபோல்டரில், முழ நீள நம்பரைப் பெயராக வைத்துக்கொண்டு கிடக்கிறது. அதே மாதிரி எக்கச்சக்கம். எல்லாம் நேவி! "ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன் அண்ணா, எங்கே போகப்போகிறேன். முதலாளி எட்டிப் பார்த்தார். "அதான் ஓகேன்னு இருக்குதுல்ல, அப்புறமென்ன கண்ணு?"

கடைசியில் காப்பாற்றியது சேம்பிள் செக்ஷன் அம்மிணி. துணியை வெட்டி, ஒரு பழைய நோட்டில் ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் 'பி ஓகே' என்று பேனாவில் எழுதி வைத்திருந்தது. அந்த நோட்டுக்கு சர்வர் கிடையாது.

இது இன்று நேற்று வந்த கெரகம் இல்லை. 2009 மே மாதம் கூகுள் வேவ் என்று ஒன்றை மேடையேற்றினார்கள். மின்னஞ்சலை இன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துச் செய்ததாம். நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்க எதிராளிக்குத் தெரியும். (திட்ட ஆரம்பித்துவிட்டு அழிக்கக்கூட முடியாது. எங்கள் தொழிலுக்கு ஆகாது.) அழைப்பு இருந்தால்தான் உள்ளே விட்டார்கள், அதற்கு அத்தனை அடிதடி. 2010 மே மாதம் எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். ஆகஸ்டில், ஆள் சேரவில்லை, இனி வளர்க்கப்போவதில்லை என்றார்கள். 2012 ஏப்ரலில் மொத்தமாக இழுத்துச் சாத்தினார்கள். ஸ்கைப்பை மைக்ரோசாஃப்ட் 2011-இல் 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 மே மாதம், தன்னுடைய இன்னொரு செயலியான டீம்ஸுக்குப் போங்கள் என்று அதையும் மூடியது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதையே மூடுகிறவர்கள் என் நேவி ஷேடுக்கா கண்ணீர் விடுவார்கள்?

இப்போது புதுச் செயலிக்கு மாற வேண்டுமாம். ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போகும். முதலாளி அவிநாசியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார், போன் டிரைவரிடம் இருக்கிறது, டிரைவர் பந்தியில் இருக்கிறார். இதற்கு மேல் கோபப்படத் தெம்பில்லை, சிரிப்புத்தான் வருகிறது.

சரி என்று பேக்கரிக்கு வந்து டீ சொன்னால், தம்ளர் சின்னதாகிவிட்டது. நுரையை ஊதினால் அடியில் ரெண்டு மடக்கு. "பன்னு வேணுங்களா?" என்று லொள்ளு வேறு. விலையை ஏற்றிக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? தம்ளரை எதற்கய்யா சுருக்குகிறீர்கள்?