வாட்ஸ் கூடினால் போதுமா? எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்: உண்மை விளக்கம்

"எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் வாட்ஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது" என்று பரவும் பேச்சு தவறு. மின்னேற்றிய மெல்லிய படலத்தை மின்னழுத்தத்தால் அதிரவைத்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கர் இது.

பிரிட்டனின் குவாட் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த ஈஎஸ்எல் என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரை எடுத்துக்கொள்வோம். அது தாங்கும் உச்ச மின்னழுத்தம் 33 வோல்ட். 8 ஓமில் 100 வாட்ஸ் தரும் ஆம்ப்ளிஃபயர் 40 வோல்ட் உச்சத்தைத் தொடும். வால்யூமைக் கொஞ்சம் அதிகம் திருகினால் ட்ரெபிள் (உச்ச ஒலி) பேனலில் பொறி பறந்து, மெல்லிய படலம் ஓட்டையாகிவிடும். பழுதுபார்ப்பது மலிவல்ல. குவாடின் சொந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரே வெறும் 15 வாட்ஸ்தான்! பெரிய ஆம்ப்ளிஃபயரைத்தான் இணைப்பேன் என்றால் மின்னழுத்தம் வரம்பு மீறாமல் தடுக்கும் வோல்டேஜ் லிமிட்டர் பொருத்தியே ஆகவேண்டும்.

"அப்படியானால் சின்ன ஆம்ப்ளிஃபயர் எதுவும் ஓடும்" என்பதும் சரியல்ல. இந்த ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குக் கெபாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் உறுப்பு) போலத் தெரியும். பேஸில் (தாழ்ந்த ஒலியில்) 30 ஓமுக்கு மேல் இருக்கும் இம்பிடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு), 20 கிலோஹெர்ட்ஸ் அருகே 2 ஓம் அளவுக்கு இறங்குகிறது. ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பும்) சுற்று பலவீனமான ஆம்ப்ளிஃபயர் அங்கே காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆடத் தொடங்கும். பாட்டு ஓடாதபோதும் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) கொதித்தால் சந்தேகப்படுங்கள். அவுட்புட் இம்பிடன்ஸ் கூடிய வால்வு வகையில் ட்ரெபிள் மங்கும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்குமுன், ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் மின்தடையுடன் 2 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை இணையாக அதன் வெளியீட்டில் வைத்து, 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை ஆசிலோஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) பாருங்கள். மூலையில் இரண்டொரு நெளிவு அடங்கிவிட்டால் பரவாயில்லை. அடங்காமல் நீண்டால் வேண்டாம்.