ஆயிரம் மன்னிப்பு கேட்ட கம்பளைக்காரர்

செப்டம்பர் 15, நடிகர் ஆல்பர்ட் மோசஸ் இறந்த நாள். 2017-ல், 79 வயதில் போனார். பெயரைச் சொன்னால் நம்ம கடலோரத்தில் யாருக்கும் பிடிபடாது. வெளிநாட்டவர் ஆங்கிலம் படிக்கும் வகுப்பைப் பற்றிய பிரிட்டிஷ் டிவி நகைச்சுவை 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரில் தலைப்பாகை கட்டிக்கிட்டு, கையைக் கூப்பி "எ தவுசண்ட் அப்பாலஜீஸ்" என்பாரே அந்த சர்தார்ஜி என்று சொல்லிப் பாருங்கள். கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடா போய் வந்த காக்காமார் (அண்ணன்மார்) சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பார்கள். யூடியூபில் இன்னும் ஓடுகிறது.

அந்த சர்தார்ஜி பஞ்சாபி கிடையாது. 1937 டிசம்பர் 19-ல் இலங்கையில், கண்டிக்குத் தெற்கே கம்பளையில் பிறந்தவர். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். மண்டபம் கேம்ப் வழியாகத் தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்களின் வாரிசுகள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கம்பளை, நாவலப்பிட்டி, அட்டன் எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சில் அடிபடுகிற ஊர்கள். அப்படியிருந்தும் 'அவரு நம்ம கம்பளைப் பக்கத்து ஆளா!' என்ற ஆச்சரியம்தான் வருகிறது. துணை நடிகர்களின் கதியே இதுதான். வேஷம் நிலைக்கும், ஆள் மறைந்துபோவார்.

இந்தியா, ஆப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் இரண்டில் தலைகாட்டியிருக்கிறார். அதில் ஒன்று 1983-ல் வந்த 'ஆக்டோபஸி'. இந்தியாவில் பாண்டுக்கு உதவும் ஆளாக, நம்ம விஜய் அமிர்தராஜுடன் வருவார். ஆனால் அவரை நிலைநிறுத்தியது அந்த சர்தார்ஜி வேடம், ரஞ்சித் சிங்தான்.

அந்த வேடத்தின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். தொடர் 1977 டிசம்பர் 30-ல் தொடங்கியது. எழுதியவர் வின்ஸ் பவல். 1979 வரை மூன்று பருவம்: 13, 8, 8 என்று 29 பாகங்கள். விளம்பரம் போக ஒரு பாகம் 25 நிமிடம்தான் தேறும். வகுப்பில் ஏறத்தாழ பத்து மாணவர்கள். வாத்தியார் பிரவுன், தலைமையாசிரியை கோர்ட்னி, டீ வண்டி தள்ளும் கிளாடிஸ், காவலாளி சிட். 14 வாய்க்கு 25 நிமிடம். பாதியை பிரவுனே தின்றுவிடுவார். மிச்சத்தைப் பங்கு போட்டால் ரஞ்சித்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஏழெட்டு வரி. அதை வைத்து நாற்பது வருஷம் கழித்தும் ஞாபகம் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

எப்படிச் செய்தார் என்று தெரிய ஒரே வழி: ஏதாவது ஒரு பாகத்தை ஒலியை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். பேசுகிறவரைப் பார்க்காதீர்கள், ரஞ்சித்தை மட்டும் பாருங்கள். தலைப்பாகை நெற்றியை மூடுகிறது, தாடி தாடையை மூடுகிறது. முகத்தில் பாதி போச்சு. கையிருப்பு கண், புருவம், கழுத்து, அவ்வளவுதான். அதனால் அவர் முகத்தைச் சுளிப்பதில்லை. முழுத் தலையையும் மெதுவாகத் திருப்புவார், பிறகு நிறுத்துவார். எதிர்ப்பக்கம், ரஞ்சித்தோடு வாய்ச்சண்டை போடும் பாகிஸ்தானி மாணவர் அலி நதீமாக டினோ ஷபீக். துறுதுறுவென்ற உடம்பு, படபடவென்ற பேச்சு, "எக்ஸ்கியூஸ் மீ" என்பது "ஸ்குவீஸ் மீ" ஆகிவிடும் வாய். அந்த வேகத்துக்கு எதிரே இந்த நிதானம். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் பேசியிருந்தால் சண்டைக் காட்சி சந்தைக் கூச்சலாகத்தான் கேட்டிருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நிறைவு நாளுக்கும் இந்த வகுப்பறையை நாடகமாகப் போடுகிற வழக்கம் உண்டு. போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

முதல் சறுக்கல், முத்திரை வசனத்தை ஊறுகாய் மாதிரி எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்வது. 20 நிமிட நாடகத்தில் மூன்று தடவை போதும். முதல் தடவை அறிமுகம், இரண்டாவதில் கூட்டம் எதிர்பார்த்துச் சிரிக்கும், மூன்றாவதை எதிர்பாராத இடத்தில், முடிந்தால் வேறு ஆள் வாயில் வையுங்கள். நாலாவதுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். அடுத்தது, சிரிப்பின் மேலேயே அடுத்த வரியைப் போடுவது. சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது பேச வேண்டும். முழுசாக அடங்கும் வரை நின்றால் காட்சி செத்துப்போகும், முந்தினால் வரி யாருக்கும் கேட்காது. இந்த இடைவெளியை ஒத்திகையில் பழக முடியாது, ஏனென்றால் அங்கே சிரிக்க ஆளில்லை. கடைசி ஒத்திகைக்காவது கதை தெரியாத பத்துப் பிள்ளைகளை எதிரே உட்கார வையுங்கள். இன்னொன்று, பேச்சில்லாத நேரத்தில் மூக்கைச் சொறிவது, பக்கத்தில் இருப்பவனிடம் கிசுகிசுப்பது. பேசுகிறவனிடமிருந்து பார்வையைப் பறிக்கிற வேலை அது. மோசஸ் இதைச் செய்யவே மாட்டார். கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவர் நடிப்பு.

ஒட்டுத்தாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம்ம ஊரில் அதுதான் முதலில் காலை வாரும். கடல் ஈரத்திலும் வியர்வையிலும் ஸ்பிரிட் கம் என்கிற ஒட்டுப்பசை பிடிக்காது. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு போக நன்றாகத் துடைக்க வேண்டும். பசையை மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் இழுவைக்கு வரும். அப்போது தாடியை வைத்து ஈரத்துணியால் அழுத்துங்கள். பவுடர் அதற்கப்புறம்தான். முதலில் பவுடர் போட்டால் பசை பவுடரைத்தான் பிடிக்கும், தோலைப் பிடிக்காது. வாய் ஓரம்தான் முதலில் கழலும். ஒட்டும்போது வாயை லேசாகத் திறந்து வைத்தால் இழுப்பு குறையும். எடுக்கத் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள், பிய்த்தால் தோலோடு வரும். தலைப்பாகைக்கு ஐந்து மீட்டர் மெல்லிய பருத்தித் துணி வேண்டும். கடையில் விற்கிற தொப்பி மாதிரித் தலைப்பாகை வேண்டாம், சீக்கியரைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

கேலி என்றதும் அந்தச் சர்ச்சையைச் சொல்லாமல் விட முடியாது. 1979-ல் தொடரை நிறுத்தியவர், அதைத் தயாரித்த லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷன் நிலையத்தின் மைக்கேல் கிரேட். பிற நாட்டவரை அச்சடித்த பொம்மைகளாகக் காட்டுகிறது, புண்படுத்துகிறது என்பது காரணம். அவர் சொன்னதில் பாதி சரி. பாகிஸ்தானி அலியாக நடித்த ஷபீக் டாக்காவில் பிறந்தவர். கிரேக்கராக வந்த கெவார்க் மாலிக்யான் துருக்கியில் பிறந்த ஆர்மீனியர். சீனப் பெண்ணாக நடித்த பிக்-சென் லிம் பினாங்குக்காரர். யார் எந்த ஊர் என்பது தயாரித்தவர்களுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. நம்ம பேச்சை, இலங்கைத் தமிழை, மலையாளியின் தமிழை வைத்து நம்ம சினிமா செய்த நகைச்சுவையும் இதே ரகம்தான். கடலோரத்து ஆளுக்கு அது உறைக்கும்.

மிச்சப் பாதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. எழுத்தில் ரஞ்சித் அட்டைப் பொம்மைதான். ஆனால் மோசஸ் அவரை முட்டாளாக ஆக்கவில்லை. வார்த்தை தவறும், முதுகு வளையாது. மன்னிப்பு கேட்கும்போதுகூட எதிரில் இருப்பவருக்குச் சமமாக நின்று கேட்பார். வளைகுடாவில் பட்டாணியரும் பிலிப்பைன்ஸ்காரரும் மலையாளியும் தங்கும் அறையில் கட்டில் போட்டுக்கொண்ட நம்ம ஆட்களுக்கு அது சட்டென்று விளங்கும். அங்கே எல்லாருமே உடைந்த இந்தியும் உடைந்த ஆங்கிலமும் பேசியவர்கள், ஒருவரும் மடையரில்லை. அவர்கள் சிரிப்பது ரஞ்சித்தைப் பார்த்தல்ல, தங்கள் அறையைப் பார்த்து.

ஆண்டு விழாவில் போடுகிறவர்கள் பஞ்சாபி, பாகிஸ்தானி வேஷத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த அறையையே மேடையில் போடலாம். பிழைகளை வெளியே தேட வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு கிடைக்கும்.

1986-ல் தொடரை மறுபடி 13 பாகங்கள் எடுத்தார்கள். மோசஸ் திரும்ப வந்தார். ஷபீக் 1984-லேயே இறந்துவிட்டார். அந்தப் பாகங்களையும் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ரஞ்சித் அதே நிதானத்தில் தலையைத் திருப்புகிறார். எதிரே அலி இல்லை.